விரலும் விசையும்

(பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

பேனா வாங்கச் செல்பவர் எவரும் எழுதிப் பாராமல் வாங்குவதில்லை. கடைக்காரர் நீட்டும் துண்டுத்தாளில் தம் பெயரை இரண்டு மூன்று முறை எழுதி, முள் கீறுகிறதா, மை சீராக இறங்குகிறதா என்று கவனித்த பின்னரே பணத்தைக் கொடுக்கிறார். அதே மனிதர் கணிப்பொறிக்கு விசைப்பலகை வாங்கச் சென்றால் பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்துவிட்டு வாங்கி வந்துவிடுகிறார். விலை என்ன, விளக்கு எரியுமா என்ற இரண்டு கேள்விகளோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் இன்று நாம் பேனாவால் எழுதுவதைக் காட்டிலும் விசையால் எழுதுவதே மிகுதி. ஆய்வேடு, விண்ணப்பம், துறைச் சுற்றறிக்கை, இம்மலருக்கு எழுதும் கட்டுரை ஆகிய எல்லாம் விசைப்பலகையின் வழியாகவே பிறக்கின்றன.

அண்மைக் காலமாக மாணவரிடையே 'மெக்கானிக்கல் கீபோர்டு' என்ற பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. இதனைப் பொறிமுறை விசைப்பலகை எனலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணப் பலகை இருக்கச் சில ஆயிரம் கொடுத்து இதை வாங்குவது ஆடம்பரமா, அவசியமா என்று நண்பர்கள் வாதிடுவதையும் கேட்டிருக்கிறேன். சிவப்பு நல்லதா, நீலம் நல்லதா என்ற வண்ணச் சண்டை வேறு. வண்ணத்தைப் பற்றிப் பேசுமுன் விசைக்குள்ளே என்ன நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம். விசையை அழுத்தும்போது எந்த இடத்தில் எழுத்து பதிகிறது? பதிந்துவிட்டது என்பதை விரல் எப்படி அறிகிறது? அதே விசையை மறுமுறை அழுத்த, விரல் எவ்வளவு உயரம் எழ வேண்டும்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தவர் வண்ணத்தைக் கண்டு மயங்கமாட்டார். மூன்றாவது கேள்வியை ஆங்கிலத்தில் எழுதுவோர் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. தமிழில் எழுதும் நமக்கோ அதுவே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன்.

சாதாரணப் பலகை

முதலில் நமக்குப் பழக்கமான மலிவுப் பலகையைத் திறந்து பார்ப்போம். உள்ளே மூன்று மெல்லிய நெகிழித் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாள் அவ்விரண்டையும் தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. ஒவ்வொரு விசைக்கும் நேர்கீழே நடுத்தாளில் ஒரு துளை உண்டு. தாள்களின் மேல் ஒவ்வொரு விசைக்கும் ஒரு ரப்பர்க் குமிழ் கவிழ்ந்திருக்கும். விசையை அழுத்தினால் குமிழ் மடிகிறது, அதன் உட்புறத்து முளை மேல் தாளை அழுத்துகிறது, துளை வழியே மேல் கோடும் கீழ்க் கோடும் தொடுகின்றன, எழுத்து பதிகிறது. இதைச் சவ்வுப் பலகை என்று அழைப்பர்.

எளிமையான அமைப்புதான், தண்ணீர் சிந்தினாலும் ஓரளவு தாங்கும். ஆனால் ஒரு குறை உண்டு. குமிழ் மடியும் தருணத்தில் எதிர்ப்பு சட்டென்று தளர்வதை விரல் உணர்கிறது; 'சரி, அழுத்தியாகிவிட்டது' என்று எண்ணுகிறது. உண்மையில் எழுத்து பதிவது அதற்கும் கீழே, விசை அடித்தளத்தை முட்டும்போதுதான். விரல் முடிந்ததாக நினைக்கும் இடம் ஒன்று, வேலை முடியும் இடம் வேறொன்று. ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் விசையை அடிவரை குத்தியே ஆக வேண்டும். நாளாக நாளாக ரப்பர் தளர்ந்து, சில குமிழ்கள் மெத்தென்றும் சில விறைப்பாகவும் ஆகிவிடும்போது அந்தக் குத்தலும் விரலுக்கு விரல் மாறுபடும். நம் ஆய்வகங்களில் இடைவெளி விசையை உள்ளங்கையால் அறைபவர்களைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

நெளியும் வில்

பதிவதையும் உணர்வதையும் ஒரே தருணத்தில் நிகழச் செய்த அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. இன்று நம் கடைகளில் அது அரிது. எனினும் இயற்பியல் மாணவன் என்ற முறையில் அதைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. நேராக நிற்கும் ஒரு மெல்லிய சுருள்வில்லை மேலிருந்து அழுத்துங்கள். கொஞ்ச தூரம் ஒழுங்காகச் சுருங்கும். ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று பக்கவாட்டில் நெளிந்துவிடும். ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர் ரிச்சர்டு ஹன்டர் ஹாரிஸ் இந்த நெளிவையே சுவிட்சாகப் பயன்படுத்தி 1978இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வில் நெளியும்போது அதன் அடியிலுள்ள சிறு தகடு சாய்கிறது. அந்தச் சாய்வே எழுத்தைப் பதிக்கிறது. வில் விசையின் சுவரில் மோதுவதால் ஒலியும் எழுகிறது. விரலுக்கு எதிர்ப்பும் அதே கணத்தில் தளர்கிறது. ஆக, காது கேட்பதும் விரல் உணர்வதும் கணிப்பொறி அறிவதும் ஒரே நிகழ்ச்சி. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. கணிப்பொறியின் பலகை இவ்வகையே. அதற்குப் பின் 1985 முதல் பெருவழக்காகிய 'மாடல் எம்' பலகையும் இவ்வகையே. இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தப் பலகைகளில் பல இன்றும் வேலை செய்கின்றன. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் யூனிகாம்ப் என்னும் நிறுவனம் 1996 முதல் அதே மரபில் பலகைகளைச் செய்து வருகிறது.

செர்ரியின் சுவிட்ச்

இன்று பொறிமுறைப் பலகை என்று விற்கப்படுபவற்றின் மூலவர் வேறு. அமெரிக்காவில் 1953இல் வால்ட்டர் செர்ரி தொடங்கிப் பின்னர் ஜெர்மனியில் நிலைகொண்ட செர்ரி நிறுவனம், 1980களின் தொடக்கத்தில் 'எம்.எக்ஸ்.' என்ற சுவிட்சை வெளியிட்டது. இதில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு முழுச் சுவிட்ச் உண்டு. சதுரமான ஒரு சிறு பெட்டி; அதனுள் மேலும் கீழும் நகரும் ஒரு நெகிழித் தண்டு; அதைத் தாங்கும் சுருள்வில்; பக்கத்தில் இரண்டு உலோகத் தகடுகள். தண்டின் ஓரத்தில் இரண்டு கால்கள் இருக்கின்றன. விசை மேலே இருக்கும்போது இக்கால்கள் ஒரு தகட்டைப் பிடித்துத் தள்ளி, மற்றதைத் தொடாதபடி காக்கின்றன. விசை இறங்கினால் கால்களும் இறங்கும். தகடு விடுபட்டு அடுத்த தகட்டைத் தொடும். தொடும் புள்ளிகளுக்குத் துருப்பிடிக்காத பொன் பூச்சு.

மொத்தப் பயணம் 4 மில்லிமீட்டர். எழுத்து பதிவதோ ஏறக்குறையப் பாதி வழியில், 2 மில்லிமீட்டரில். சவ்வுப் பலகைக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே. அடிவரை குத்த வேண்டிய கட்டாயம் இல்லை. பழகிய விரல் பாதியிலேயே திரும்பிவிடலாம். (எத்தனை பேர் திரும்புகிறோம் என்பது வேறு கதை. நான் இன்னும் அடிவரை போய்த்தான் வருகிறேன்.)

இனி வண்ணங்களுக்கு வருவோம். தண்டின் நிறத்தைக் கொண்டே சுவிட்சுக்குப் பெயர். வகைகள் எத்தனையோ இருந்தாலும் குலம் மூன்றுதான். கடைக்காரர்கள் லீனியர், டாக்டைல், கிளிக்கி என்பவற்றை வழுக்கு வகை, மேட்டு வகை, சொடுக்கு வகை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

வழுக்கு வகையில் தண்டின் கால்கள் நேராகச் சரிந்திருக்கும். அழுத்தம் ஒரே சீராக ஏறும். நடுவில் எந்த அடையாளமும் கிடையாது. சிவப்பும் கருப்பும் இவ்வகை. மேட்டு வகையில் கால்களில் ஒரு சிறு புடைப்பு இருக்கிறது. தகடு அதன்மேல் ஏறி இறங்கும்போது விரலுக்கு ஒரு மேடு தட்டுப்படும். பழுப்பு நிறம் இவ்வகை. சொடுக்கு வகையில் தண்டே இரண்டு துண்டாக இருக்கிறது. உள்துண்டு வெள்ளை நிறச் சறுக்கி; அது மேட்டைத் தாண்டியதும் கவண்கல் போலக் கீழே எறியப்பட்டு 'டக்' என்ற ஒலியை எழுப்புகிறது. நீலம் இவ்வகை.

செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்தபின் சீனாவில் கைல், கேட்டரான், அவுட்டெமு முதலிய பெயர்களில் இதே அமைப்பில் சுவிட்சுகள் பெருகின. நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இவையே. இவர்களும் சிவப்பு, பழுப்பு, நீலம் என்ற வழக்கத்தையே பெரும்பாலும் பின்பற்றுகின்றனர். ஆனால் அது வழக்கமேயன்றிச் சட்டமன்று. ஒருவருடைய பழுப்பின் மேடு மற்றவருடைய பழுப்பில் இருந்த இடம் தெரியாமல் போகலாம்.

நாணயச் சோதனை

விசையை அழுத்த வேண்டிய வலிமையைச் சென்டிநியூட்டன் என்ற அலகில் குறிப்பார்கள். ஒரு சென்டிநியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிராம் எடை. செர்ரியின் குறிப்புப்படி சிவப்புக்கு 45, பழுப்புக்கு 55, நீலத்துக்கும் கருப்புக்கும் 60. இந்த எண்களைப் படித்தால் ஒன்றும் புரிவதில்லை. கையால் செய்து பார்த்தால் புரியும். பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை ஏறக்குறைய 7.7 கிராம். சிவப்பு விசையின் தலையில் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஆறாவது நாணயத்தின் அருகில் எழுத்து பதிய வேண்டும். கருப்புக்கு எட்டு நாணயம் தேவை. சுவிட்சுக்குச் சுவிட்ச் சற்று வேறுபாடு இருக்கும். அதையும் நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. அறுபது, எண்பது ரூபாய்ச் சில்லறையில் முடியும் இச்சோதனை, விலையுயர்ந்த அளவுகோல் இல்லாத நம் போன்றவர்க்குப் போதுமானது.

கனமான விசை கையைச் சோர்வடையச் செய்யும் என்று பலர் அஞ்சுகின்றனர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 45 சென்டிநியூட்டன் வலிமை 4 மில்லிமீட்டர் தூரம் செயல்பட்டால் செய்யப்படும் வேலை 0.0018 ஜூல். ஒரு பக்கத்துக்கு 2,000 அழுத்தம் என்று கொண்டால் 3.6 ஜூல். ஒரு கிலோ எடையை 37 சென்டிமீட்டர் தூக்குவதற்கு இது சமம். 60 சென்டிநியூட்டன் விசையானால் 4.8 ஜூல், அதே எடையை 49 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் இந்த வேறுபாடு யாரையும் களைக்க வைக்காது. ஆனால் இந்த வேலையைத் தோளோ முழங்கையோ செய்வதில்லை, விரல்கள் செய்கின்றன. அதிலும் சுண்டுவிரல் தன் பங்கைச் செய்தே தீர வேண்டும். தட்டச்சு நிலையத்தில் பயின்றவர்களுக்கு இது நன்கு தெரியும். பழைய தட்டச்சுப் பொறியில் சுண்டுவிரலுக்குரிய எழுத்துகள் மட்டும் தாளில் மங்கலாக விழும். ஆகவே சுண்டுவிரலுக்கு எது பொருந்துகிறதோ அந்த எடையே பலகை முழுதுக்கும் பொருத்தம் என்று கொள்ளலாம். ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்வது அடுப்பில் உள்ள சோற்றை விட்டுவிட்டுக் குழம்பைப் பதம் பார்ப்பது போன்றது.

இரட்டிக்கும் எழுத்து

இப்போது நான் முன்னர்க் குறிப்பிட்ட மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

1999இல் தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளால் தமிழ் முழுவதும் எழுதப்படுகிறது. உயிர்கள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இதில் ஒரு நுட்பமான வசதி உண்டு. ஒரு மெய்யை இரண்டு முறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று அழுத்தினால் போதும். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழ் எழுதுவோரும் இரட்டை மெய்க்கு ஒரே விசையை இருமுறை அழுத்துகின்றனர். நெடிலுக்கும் பலர் அவ்வாறே செய்கின்றனர். நம் மொழியில் இரட்டிப்பு எவ்வளவு மிகுதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 'கத்தரிக்காய்க் கூட்டு' என்று எழுதுவதற்குள் த, க, ட ஆகிய மூன்று விசைகளை இரட்டித்து விடுகிறோம்.

ஒரே விசையை இருமுறை விரைந்து அழுத்தும்போது, முதல் அழுத்தத்துக்குப் பின் விசை எவ்வளவு தூரம் மேலே வந்தால் சுவிட்ச் 'விடுபட்டதாக' ஆகும் என்பது முக்கியமாகிறது. சிவப்பில் பதியும் இடமும் விடுபடும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. நீலத்தில் அப்படியில்லை. கீழே எறியப்பட்ட வெள்ளைச் சறுக்கி மீண்டும் தன் இடத்துக்கு ஏற வேண்டும்; அதற்கு விசை, பதிந்த இடத்தைத் தாண்டி இன்னும் மேலே வர வேண்டும். போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறொன்று. காந்தவியல் பாடத்தில் நாம் படிக்கும் தயக்கக் கண்ணியை ஒத்தது இது. விரல் போதிய உயரம் எழாமல் இரண்டாம் முறை அழுத்தினால் அந்த அழுத்தம் கணக்கில் வராது. 'பட்டம்' என்று எழுத நினைத்தவர் 'படம்' என்று எழுதிவிடுவார்.

இது ஏதோ பெரிய இடையூறு என்று நான் சொல்ல வரவில்லை. நீல விசையில் நாள் முழுதும் தமிழ் எழுதுவோரும் உண்டு. விரல் தானே உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. ஆயினும் புதிதாக வாங்கும் தமிழ்த் தட்டச்சர் ஒருவர் என்னைக் கேட்டால் பழுப்பையோ சிவப்பையோதான் கைகாட்டுவேன். பழுப்பின் மேடு சிறியது; அதை மேடு என்றே ஒப்புக்கொள்ளாத அன்பர்களும் உண்டு. ஆனால் அந்தச் சிறு தட்டல், எழுத்து பதிந்தது என்ற செய்தியைப் பக்கத்து அறைக்குச் சொல்லாமல் விரலுக்கு மட்டும் சொல்கிறது. விடுதியில் என் அறைக்கு எதிரறையில் நீல விசைப் பலகை ஒன்று இருக்கிறது. பருவத் தேர்வுக் காலத்தில் இரவு பதினொரு மணிக்கு அது பேசத் தொடங்கும். உரியவர் மிகவும் நல்ல மனிதர். ஆகையால் இதற்கு மேல் எழுதவில்லை.

இரட்டிப்பின் மறுபக்கம் ஒன்று உண்டு. அது இன்னும் கவனிக்கத்தக்கது. இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது ஒரே தொடுதலில் அமைதியாகிவிடுவதில்லை. தரையில் போட்ட பந்தைப் போல, சில மில்லி வினாடிகளுக்குள் பலமுறை துள்ளித் தொடும். பலகைக்குள் இருக்கும் சில்லு இந்தத் துள்ளலை அறிந்து, சிறிது நேரம் பொறுத்து, ஒரே அழுத்தமாகக் கணக்கிடுகிறது. தகடு அழுக்கடைந்தாலோ தேய்ந்தாலோ துள்ளல் நீண்டுவிடும். அப்போது ஒருமுறை அழுத்தினால் எழுத்து இருமுறை விழும். ஆங்கிலத்தில் இது நிகழ்ந்தால் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். சொல் கோணலாகத் தெரியும். தமிழிலோ புள்ளி தானே விழுந்து, ஒழுங்கான வேறொரு சொல் பிறந்துவிடுகிறது. 'எடு' என்பது 'எட்டு' ஆகும். 'கடை' 'கட்டை' ஆகும். 'குடை' 'குட்டை' ஆகும். பிழைதிருத்தி மென்பொருள் இவற்றில் ஒன்றையும் பிடிக்காது. எல்லாம் அகராதியில் உள்ள சொற்களே. சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் தட்டச்சு செய்த விழா அறிக்கையில் 'தலைவரின் பட்டம் திறந்து வைக்கப்பட்டது' என்று இருந்தது. பலமுறை படித்தும் நாங்கள் கவனிக்கவில்லை. அவருடைய பலகையில் 'ட' விசை மட்டும் நோயுற்றிருந்தது பின்னரே தெரிந்தது.

இங்கேதான் பொறிமுறைப் பலகையின் உண்மையான ஆதாயம் வெளிப்படுகிறது. சவ்வுப் பலகையில் ஒரு விசை கெட்டால் பெரும்பாலும் பலகையே குப்பைக்குப் போகிறது. பொறிமுறைப் பலகையில் கெட்ட சுவிட்சை மட்டும் மாற்றலாம். சில பலகைகளில் பற்றவைப்புக் கோல் தேவை. மற்றவற்றில் சுவிட்சுகள் குழியில் செருகப்பட்டே இருக்கும். பிடுங்கிப் புதியதைச் செருகினால் போதும். 'ஹாட் ஸ்வாப்' என்று பெட்டியில் எழுதியிருப்பது இதைத்தான். ஐந்து கோடி, பத்து கோடி அழுத்தங்கள் தாங்கும் என்று விளம்பரங்கள் கூறும் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே விசையை நாளொன்றுக்கு ஐயாயிரம் முறை அழுத்தினாலும் ஐந்து கோடியை எட்ட இருபத்தேழு ஆண்டுகள் ஆகும். அதற்கு முன் தூசியும் தேநீரும் வந்து சேர்ந்துவிடும். ஆகவே எண்ணைவிடக் குழியே மேல்.

ஆறு விசை, ஆறு புள்ளி

இன்னொரு செய்தி. நம் போன்ற அரசுக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் பலர் பயில்கின்றனர். அவர்கள் தேர்ந்தெடுக்கும் பலகைக்கு இது இன்றியமையாதது.

104 விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பது செலவு. ஆகையால் விசைகளை ஓர் அணியாக அமைக்கின்றனர். 8 நிரை, 16 நிரல் என்று வைத்துக்கொண்டால் 24 கம்பிகளில் 128 சந்திப்புகள் கிடைக்கின்றன. சில்லு ஒவ்வொரு நிரையாக மின்சாரம் அனுப்பி எந்த நிரலில் திரும்புகிறது என்று பார்க்கிறது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒருசேர அழுத்தினால் மின்சாரம் சுற்றுவழியில் சென்று நான்காம் மூலையும் அழுத்தப்பட்டது போலக் காட்டும். இல்லாத எழுத்து தோன்றும் இதனைப் பேய் எழுத்து என்கின்றனர். இதைத் தவிர்க்க மலிவுப் பலகைகள், ஐயத்துக்குரிய விசையைப் பதியாமலே விட்டுவிடுகின்றன. ஒவ்வொரு சுவிட்சுடனும் ஒரு டையோடு சேர்த்தால் மின்சாரம் ஒரே திசையில்தான் செல்லும், சிக்கல் தீர்ந்தது. நல்ல பொறிமுறைப் பலகைகளில் இந்த டையோடுகள் உண்டு.

கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்வோர்க்கு இது பெரிய பொருட்டன்று. அவர்கள் ஒரே நேரத்தில் மூன்று விசைக்கு மேல் அழுத்துவது அரிது. ஆனால் பிரெய்லி முறையில் உள்ளிடும் மென்பொருள்கள், எஃப், டி, எஸ் விசைகளை முதல் மூன்று புள்ளிகளாகவும், ஜே, கே, எல் விசைகளை அடுத்த மூன்று புள்ளிகளாகவும் கொள்கின்றன. ஓர் எழுத்துக்குரிய புள்ளிகள் அனைத்தையும் ஒருசேர அழுத்த வேண்டும். பாரதி பிரெய்லியில் 'ப' என்பது 1, 2, 3, 4 ஆகிய புள்ளிகள். 'ம' என்பது 1, 3, 4. பலகை இரண்டாம் புள்ளியை விழுங்கிவிட்டால் 'படம்' என்பது 'மடம்' ஆகிவிடும். எழுதியவர் தம் விரல் தவறியதாக எண்ணித் தம்மையே நொந்துகொள்வார், தவறு அவருடையதன்று. இத்தகைய மாணவர்க்கு விசைப்பலகை வாங்கித் தரும் கொடையாளர்களும் துறைத்தலைவர்களும் ஒன்றைச் செய்யலாம். வாங்குமுன் அந்த ஆறு விசைகளையும் ஒருசேர அழுத்தி, ஆறும் பதிகின்றனவா என்று பார்த்துவிடலாம். அரை நிமிட வேலை.

சில சிறு செய்திகள்

பலகையின் அளவு: எண்பகுதியுடன் 104 விசை, அது இல்லாமல் 87, மேல்வரிசையையும் அம்புக்குறிகளையும் நீக்கிய 61 என்று பல அளவுகள் உண்டு. வணிகவியல் மாணவர்க்கு எண்பகுதி வேண்டும்; மற்றவர்க்கு மேசையில் இடம் மிச்சம். அறுபதுக்கும் கீழே இறங்கும் குட்டிப் பலகைகள் பார்க்க அழகானவை. ஆனால் தமிழ்99 அமைப்பில் ந, ய, ச, ஞ, ழ ஆகியவை ஆங்கில நிறுத்தக்குறி விசைகளில் அமர்ந்திருக்கின்றன. அந்த விசைகளை நீக்கிய பலகையில் 'தமிழ்' என்ற சொல்லையே எளிதில் எழுத முடியாது.

விசைமூடிகள் ஏ.பி.எஸ்., பி.பி.டி. என இருவகை நெகிழியில் வருகின்றன. முன்னது சில மாதங்களில் எண்ணெய் பூசியது போல் பளபளக்கும். பின்னது சொரசொரப்பை நெடுநாள் காக்கும். தமிழ் எழுத்துக்குப் பெரும்பாலும் ஒட்டிகளையே நம்ப வேண்டியிருக்கிறது; அவையும் வியர்வையில் உரியும். பாராமல் தட்டச்சு செய்யக் கற்றுவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

காந்த விசை பற்றியும் இப்போது பேச்சு அடிபடுகிறது. இதில் தொடும் தகடு கிடையாது. தண்டில் ஒரு சிறு காந்தம். அடியில் காந்தப்புலத்தை அளக்கும் உணரி. 1879இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவே இதன் அடிப்படை. முதுகலை இயற்பியல் ஆய்வகத்தில் குறைகடத்தித் துண்டை வைத்து அளக்கும் அதே ஹால் விளைவுதான். தகடு இல்லாததால் துள்ளல் இல்லை. எந்த ஆழத்தில் பதிய வேண்டும், எங்கே விடுபட வேண்டும் என்பதையும் நாமே அமைத்துக்கொள்ளலாம். கணிப்பொறி விளையாட்டு ஆடுவோர்க்காக விற்கப்பட்டாலும் இரட்டை மெய் எழுதும் நமக்கு இதைவிட ஏற்றது வேறில்லை என்றே தோன்றுகிறது. விலைதான் இடிக்கிறது. மாணவர்க்குப் பழுப்பே போதும்.

கடைக்குச் செல்பவர் முடிந்தவரை நேரில் சென்று தட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் திறந்து வைத்த பலகைகளைத் தட்டிப் பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. கைப்பேசியில் தமிழ்99 இருந்தால் பலகையை அதனோடு இணைத்து 'எடு', 'எட்டு' என்று மாறி மாறி இருபது முறை விரைவாக எழுதிப் பார்க்கலாம். இரண்டும் தத்தம் வடிவில் வந்தால் சரி. பிறகு இரு சுண்டுவிரல்களாலும் ஓரத்து விசைகளை அழுத்திப் பார்க்கலாம். நீண்ட விசைகளான இடைவெளியும் எண்டரும் ஒரு முனையில் அழுத்தினாலும் சாயாமல் இறங்க வேண்டும். கடகடவென்று ஆடினால் வேறொன்றை எடுக்கச் சொல்லலாம். கடைசியாக, விசைமூடி கழற்றும் கம்பி பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு வாங்கலாம். தனியே வாங்கினாலும் விலை அதிகமில்லை.